செவி எழுப்பும் ஒலி

கால் வளைந்து பிறந்த குழந்தையின் குறை பிரசவ அறையிலேயே தெரிந்துவிடுகிறது. பார்வை இல்லாத குழந்தையின் குறையைத் தாய் சில வாரங்களுக்குள் உணர்ந்துவிடுகிறாள். காது கேளாமல் பிறந்த குழந்தையோ மற்றக் குழந்தைகளைப் போலவே அழுகிறது, முகம் பார்த்துச் சிரிக்கிறது, முதல் சில மாதங்களில் மற்றக் குழந்தைகளைப் போலவே மழலை ஒலிகளையும் எழுப்புகிறது. ஆகையால் அதன் குறை ஓராண்டும் இரண்டாண்டும் வீட்டார் கண்ணில் படாமலே மறைந்திருக்க இடம் ஏற்படுகிறது. இரண்டு வயது கடந்தும் பேச்சு வராதபோது தாய்க்குக் கவலை பிறக்கும். "இவன் அப்பனும் மூணு வயசிலேதான் வாயைத் திறந்தான், ஆம்பிளைப் பிள்ளை மெதுவாத்தான் பேசும், நீ ஏம்மா கலங்குறே?" என்று பாட்டி தேற்றுவாள். அந்தத் தேறுதல் அன்பினால் பிறந்தது. பல வீடுகளில் அது பலித்தும் இருக்கிறது. பலிக்காத வீட்டிலோ, அதனால் கழிந்துபோகும் மாதங்கள், மொழியைக் கிரகிப்பதற்கென்று இயற்கை மூளைக்கு ஒதுக்கித் தந்த மாதங்களாக இருந்துவிடுகின்றன.

சந்தேகம் வந்தவர்கள் ஒன்றும் செய்யாமல் இருந்ததில்லை. குழந்தைக்குப் பின்னால் நின்று கைதட்டிப் பார்ப்பார்கள், தாம்பாளத்தைக் கரண்டியால் தட்டுவார்கள், கிலுகிலுப்பையை ஆட்டுவார்கள். குழந்தை திரும்பிவிட்டால், "கேட்கிறது, கேட்கிறது" என்று மகிழ்ச்சி பொங்கும். ஆனால் தரையின் அதிர்வை உடம்பால் உணர்ந்தும், சுவரில் அசைந்த நிழலைக் கண்டும், எதிரில் இருக்கும் தாயின் கண் போன போக்கைப் பார்த்தும் கூடக் குழந்தை திரும்பக்கூடும். பிரிட்டனில் நெடுங்காலம் வரை இதையே முறைப்படுத்தி, ஏழு எட்டு மாதக் குழந்தையைத் தாயின் மடியில் அமர்த்தி, முன்னால் ஒருவர் விளையாட்டுக் காட்ட, பின்னாலிருந்து இன்னொருவர் மெல்லிய ஒலி எழுப்பிச் சோதித்து வந்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் செய்த அந்தப் பரீட்சையிலும் தவறியவர்கள் பலர். சொல்லவும் தெரியாத, சைகை காட்டவும் தெரியாத, பிறந்து இரண்டே நாளான சிசுவிடம் "உனக்குக் கேட்கிறதா?" என்று எப்படிக் கேட்பது என்ற கேள்வி அவ்வாறு விடையின்றியே நின்றது.

அதற்கு விடை எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. குழந்தையைக் கேட்க வேண்டியதில்லை, அதன் செவியையே நேராகக் கேட்டுவிடலாம் என்பதும், நல்ல நிலையில் உள்ள செவி அந்தக் கேள்விக்கு ஒலியாலேயே மறுமொழி சொல்லும் என்பதும்தான் அந்த விடை. ஒலியை வாங்கிக்கொள்வது ஒன்றே காதின் தொழில் என்று ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதர் எண்ணியிருக்க, அது ஒலியை வெளியிடவும் செய்கிறது என்பது சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் நிரூபணமாயிற்று.

இதை விளங்கிக்கொள்ளச் செவியின் அமைப்பைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்ளலாம். காற்றில் வரும் அதிர்வு செவிப்பறையை அசைக்கிறது. சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று சிற்றெலும்புகள் அந்த அசைவை உள்ளே கடத்துகின்றன. உட்செவியில், நத்தைக்கூடு போல் ஏறக்குறைய இரண்டரைச் சுற்றுச் சுருண்டு, நீட்டினால் 35 மில்லிமீட்டர் நீளமே வரக்கூடிய காக்ளியா என்னும் திரவம் நிறைந்த குழல் அதைப் பெற்றுக்கொள்கிறது. அக்குழலின் நெடுகிலும் ஒரு மெல்லிய தகடு ஓடுகிறது. அதன் மேல், 1851ஆம் ஆண்டில் இத்தாலியராகிய கார்ட்டி விவரித்த உறுப்பும், அந்த உறுப்பில் ரோமச் செல்கள் எனப்படும் நுண்ணிய உயிரணுக்களும் அமைந்திருக்கின்றன. உள்வரிசையில் ஏறத்தாழ 3,500 செல்கள். வெளிப்புறத்து மூன்று வரிசைகளில் ஏறத்தாழ 12,000 செல்கள். செவியிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டு போகும் நரம்பிழைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை உள்வரிசைச் செல்களிலிருந்தே புறப்படுகின்றன. எண்ணிக்கையில் மும்மடங்குக்கும் அதிகமான வெளிவரிசைச் செல்கள் மூளைக்குச் சொல்லும் செய்தியோ மிகச் சொற்பம். இயற்கை வீணாக ஒன்றையும் செய்யாது என்றால், இத்தனை ஆயிரம் செல்கள் அங்கே என்ன வேலை பார்க்கின்றன? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

ஜெர்மானியப் பேரறிஞராகிய ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863இல் வெளியிட்ட நூலில், செவிக்குள்ளே பியானோவின் தந்திகளைப் போல் ஒவ்வொரு சுருதிக்கும் ஒரு நார் உண்டென்றும், வந்த ஒலிக்கு உரிய நார் மட்டும் துடிக்கிறதென்றும் கருதினார். பின்னர், புடாபெஸ்ட் நகரத்தில் ஹங்கேரியத் தபால் இலாகாவின் தொலைபேசி ஆராய்ச்சிச் சாலையில் பணியாற்றிய பேக்கேஷி, இறந்தவர்களின் செவிகளைத் திறந்து, அந்த மெல்லிய தகட்டின் மேல் வெள்ளித் துகள்களைத் தூவி, பேரொலியைச் செலுத்தி, உருப்பெருக்கியின் வழியே பார்த்து, அதில் ஓர் அலை ஒரு முனையிலிருந்து மறுமுனை நோக்கி ஓடுவதையும், தடித்த சுருதிக்கு ஓரிடத்திலும் கீச்சுச் சுருதிக்கு வேறிடத்திலும் அது உச்சம் அடைவதையும் கண்டார். அந்தப் பெரும் பணிக்கு 1961இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அவர் கண்ட அலை அகலமானது, மழுங்கியது. பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்களைப் பிரித்தறியும் மனிதச் செவியின் கூர்மைக்கு அந்த மழுங்கிய அலை எப்படி ஆதாரமாகும் என்பது விளங்கவில்லை. மூளை எப்படியோ கூர்மைப்படுத்திக்கொள்கிறது என்று பலர் சமாதானம் அடைந்தார்கள்.

சமாதானம் அடையாதவர் ஒருவர் இருந்தார். தாமஸ் கோல்டு என்னும் அவர் வியன்னாவில் பிறந்து, இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படைக்காக ரேடார் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்து, போருக்குப் பின் கேம்பிரிட்ஜில் செவியைப் பற்றி ஆராயத் தொடங்கியவர். உயிரியல் படித்தவராக இருந்திருந்தால் அவருக்கு அந்த ஐயம் எழுந்தே இருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. வானொலிக் கருவிகளோடு பழகியவராக இருந்ததனால்தான் எழுந்தது. தண்ணீருக்குள் மூழ்க வைத்த பியானோவின் தந்தியைத் தட்டினால் அது நாதம் எழுப்புமா? நீரின் பிசுக்கு அதன் துடிப்பை அக்கணமே விழுங்கிவிடும். செவியின் நுண்ணிய பாகங்களோ எப்போதும் திரவத்தில் மூழ்கியே கிடக்கின்றன. அப்படியிருந்தும் அவை கூர்மையாகத் துடிக்கின்றன என்றால், திரவம் விழுங்கும் சக்தியை ஏதோ ஒன்று ஒவ்வொரு துடிப்பிலும் ஈடுசெய்து கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அக்காலத்து ரேடியோப் பெட்டிகளில் மெல்லிய அலையை வாங்கி, அதைப் பெருக்கி, பெருகியதில் ஒரு பகுதியை மறுபடியும் முன்வாசலுக்கே திருப்பிவிட்டு இன்னும் கூர்மையாக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. செவியிலும் அத்தகைய ஏற்பாடு இருக்கிறதென்று கோல்டு 1948இல் எழுதினார். அது மட்டுமன்று: அந்த ரேடியோவில் திருப்பிவிடுவது சற்று மிகையானால் பெட்டி தானே கீச்சிடத் தொடங்குவது போல, செவியும் சில வேளைகளில் தானே ஒலி எழுப்ப வேண்டும் என்றும், காதருகே மைக்ரோபோனை வைத்தால் அதைக் கேட்க முடிய வேண்டும் என்றும் அவர் ஊகித்தார். முயன்றும் பார்த்தார். அன்றைய மைக்ரோபோன்களுக்கு அந்த ஒலி எட்டவில்லை. உடலியல் அறிஞர்களும் அவர் சொன்னதைப் பொருட்படுத்தவில்லை. கோல்டு வானவியலுக்குப் போய்விட்டார். அங்கே பெரும்புகழும் பெற்றார். செவியைப் பற்றி அவர் சொன்ன உண்மை முப்பது ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தது. விஞ்ஞான சரித்திரத்தில் இது வருந்தத்தக்க நிகழ்ச்சிகளில் ஒன்று என்றே நான் கருதுகிறேன். ஏனெனில் இடையில் பிறந்த எத்தனையோ செவிட்டுக் குழந்தைகள் அதனால் பயன் பெற்றிருக்கக் கூடும்.

அந்த உண்மையை மீட்டவர் டேவிட் கெம்ப் என்ற ஆங்கிலேய இயற்பியல் நிபுணர். லண்டனில் தொண்டை, மூக்கு, காது நோய்களுக்கென்றே உள்ள ராயல் நேஷனல் மருத்துவமனையில் அவர் பணிபுரிந்துவந்தார். மிக மெல்லிய ஒலிகளை மனிதர் எந்த அளவில் கேட்கத் தொடங்குகிறார்கள் என்பதைச் சுருதி சுருதியாக அளந்தபோது, அந்தக் கோடு வழவழப்பாக வராமல், நெருங்கிய இடைவெளிகளில் மேடும் பள்ளமுமாக ஏறி இறங்கியது. இதைப் பிழை என்று தள்ளிவிடுவது எளிது. கெம்ப் தள்ளவில்லை. ஒரே குழாய்க்குள் போகும் அலையும் திரும்பும் அலையும் ஒன்றோடொன்று கலந்தால் இத்தகைய மேடுபள்ளங்கள் தோன்றுவது இயற்பியல் கற்றவர்களுக்குத் தெரிந்த செய்தி. அப்படியானால் காதுக்குள் போன ஒலியில் ஒரு பகுதி உட்செவியிலிருந்து திரும்பி வருகிறது என்றே பொருள். திரும்பி வருவதானால் அதைப் பிடிக்கவும் முடியுமல்லவா? 1977இல் அவர் ஒரு சிறு ஒலிபெருக்கியையும் ஒரு சிறு மைக்ரோபோனையும் ஒன்றாகப் பொருத்தி, காதின் துளையை அடைக்கும்படி வைத்து, 'டிக்' என்ற குறுகிய சொடுக்கொலி ஒன்றை அனுப்பினார். அந்த ஒலி அடங்கி, விநாடியின் ஆயிரத்தில் சில பங்கு கழித்து, மிக மெல்லிய வேறோர் ஒலி செவிக்குள்ளிருந்து புறப்பட்டு வெளியே வந்தது.

இது கருவியின் கோளாறாக இருக்கலாமே என்ற ஐயத்தை அவரே முதலில் எழுப்பிக்கொண்டார். காதுக்குப் பதிலாக அதே அளவுள்ள சிறு குழியில் கருவியை வைத்துப் பார்த்தார், ஒலி திரும்பவில்லை. உட்செவி கெட்டுப்போனவர்களின் காதில் வைத்துப் பார்த்தார், அப்போதும் திரும்பவில்லை. நல்ல காதிலிருந்து மட்டுமே அது வந்தது. மேலும், கீச்சுச் சுருதிகள் முந்தியும் தடித்த சுருதிகள் பிந்தியும் வந்தன. காக்ளியாவின் வாசலில் கீச்சுச் சுருதிக்கும் அதன் உள்முனையில் தடித்த சுருதிக்கும் இடம் இருப்பதால், அருகிலிருந்து புறப்பட்டது முன்னும் தூரத்திலிருந்து புறப்பட்டது பின்னுமாக வருவது பொருத்தமே. 1978இல் அவர் இதை வெளியிட்டபோது நம்பாதவர்கள் பலர். ஆனால் வேறு ஆராய்ச்சிச் சாலைகளிலும் அந்த ஒலி அகப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் ஐயம் தீர்ந்தது.

அந்த ஒலியை எழுப்புவது யார் என்ற கேள்விக்கு, நாம் முன்பு நிறுத்திவைத்த கேள்வியே விடையாயிற்று. வெளிவரிசை ரோமச் செல்களில் ஒன்றைத் தனியே எடுத்து மின்தூண்டுதல் கொடுத்தால், அந்தச் செல் உடல் சுருங்கியும் நீண்டும் அசைகிறது என்பதை வில்லியம் பிரவுனெலும் அவருடைய துணைவர்களும் 1985இல் அறிவித்தார்கள். தசை சுருங்குவது போன்றதன்று இது. விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை சுருங்கி நீளக்கூடிய, உடம்பில் வேறெங்கும் காணாத வேகம். ஜொனாதன் ஆஷ்மோர் என்பவர், ஒரு பாட்டின் மின்குறிகளை அத்தகைய ஒற்றைச் செல்லுக்குள் செலுத்தி, பாட்டின் தாளத்துக்கு ஏற்ப அது துள்ளுவதை உருப்பெருக்கியின் கீழே படம்பிடித்துக் காட்டினார். 2000ஆம் ஆண்டில், அமெரிக்காவில் பீட்டர் டாலோஸின் ஆராய்ச்சிச் சாலையில், இந்த அசைவுக்குக் காரணமான பிரெஸ்டின் என்ற புரதமும் கண்டுபிடிக்கப்பட்டது. ஆக, அந்தப் பன்னீராயிரம் செல்களும் கேட்பதற்காக இருப்பவை அல்ல; உள்வரிசைச் செல்கள் கேட்கும்படி, மெல்லிய அதிர்வைத் தாங்கள் உதைத்து உதைத்துப் பெரிதாக்கிக் கொடுப்பதற்காக இருப்பவை. அவை அழிந்துபோனால் செவியின் திறன் 40 முதல் 60 டெசிபல் வரை குறைந்துவிடும். அவ்வாறு உதைக்கும்போது ஒரு சிறு பங்கு சக்தி பின்னோக்கி ஓடி, அங்கவடியையும் பட்டடையையும் சுத்தியையும் எதிர்த்திசையில் அசைத்து, செவிப்பறையை உள்ளிருந்து அதிரச் செய்து, காதின் துளையில் ஒலியாக வெளிப்படுகிறது. கெம்ப் பிடித்தது அதைத்தான். அது உயிருள்ள செல்களின் உழைப்பினால் வரும் ஒலியாகையால், பிராணவாயு குறைந்தால் தானும் குறைகிறது. அதிக அளவில் ஆஸ்பிரின் உட்கொண்டால் தாழ்ந்து, மருந்தை நிறுத்தினால் மீள்கிறது.

கேள்வி கேட்காமலே தானாக ஒலிக்கும் செவிகளும் உண்டு. நன்றாகக் காது கேட்பவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு, கோல்டு ஊகித்தபடியே, குழல் ஊதுவது போன்ற ஒற்றைச் சுருதியோ பல சுருதிகளோ இடைவிடாமல் வந்துகொண்டிருக்கின்றன. ஆண்களைவிடப் பெண்களிடமும், இடச் செவியைவிட வலச் செவியிலும் அவை மிகுதி. ஒருவருடைய செவி எழுப்பும் சுருதி ஆண்டுக்கணக்கில் பெரிதும் மாறாமல் இருக்கிறது. அது தம்மிடம் இருப்பதை அவர்களில் மிகப் பெரும்பாலோர் அறியமாட்டார்கள். முதுமையிலும் இரைச்சலான தொழில்களிலும் பலரை வாட்டும் காதிரைச்சல் என்பது பெரும்பாலும் வேறு. அங்கே வெளியே மைக்ரோபோன் வைத்தால் ஒன்றும் அகப்படாது. 'காதில் ஙொய் என்கிறது' என்று வருந்துகிறவர்கள் இவ்விரண்டையும் ஒன்றென்று எண்ண வேண்டாம்.

இனிப் பரிசோதனைக்கு வருவோம். ஆஸ்பத்திரிகளில் இதை ஓ.ஏ.ஈ. டெஸ்ட் என்கிறார்கள். பிரசவ வார்டில் பால் குடித்து உறங்கும் குழந்தையின் கட்டிலருகே ஆடியாலஜிஸ்ட் கையடக்கமான ஒரு கருவியோடு வந்து நிற்கிறார். "பாட்டிம்மா, கொஞ்ச நேரம் அந்த ஃபேனை நிறுத்துங்க, யாரும் பேசாம இருங்க, பாப்பா தூங்கட்டும்" என்கிறார். "ஊசி கீசி போடுவீங்களா கண்ணு?" என்று பாட்டி பதறுகிறாள். "ஊசியும் இல்லே, மருந்தும் இல்லே பாட்டி. பாப்பா காதுக்கு ஒரு சின்னச் சத்தம் குடுத்துட்டு, காது என்ன பதில் சொல்லுதுன்னு கேட்கப்போறோம்." மிளகைவிடச் சற்றுப் பெரிய, மெத்தென்ற ரப்பர் முனை ஒன்றைக் கருவியின் நுனியில் மாட்டி, காது மடலை மெல்லப் பின்னுக்கு இழுத்து, துளையில் பொருத்துகிறார். அந்த நுனிக்குள்ளே ஒலி எழுப்பும் துளைகளும் மைக்ரோபோனும் அடங்கியிருக்கின்றன. குழந்தை முகத்தைச் சுளித்து, உதட்டைச் சப்புக் கொட்டி, மறுபடியும் உறங்குகிறது. திரையில் சிறு தூண்கள் மெல்ல உயர்கின்றன. காது ஒன்றுக்கு ஓரிரு நிமிடங்களில் வேலை முடிந்து, 'பாஸ்' என்றோ, மறுபரிசோதனை வேண்டும் என்று பொருள்படும் 'ரெஃபர்' என்றோ சொல் தோன்றுகிறது.

அந்த நிமிடங்களில் கருவி செய்யும் தந்திரம் மெச்சத்தக்கது. அனுப்பும் சொடுக்கொலி ஏறக்குறைய 80 டெசிபல்; திரும்பி வருவதோ பெரும்பாலும் 20 டெசிபலும் அதற்குக் கீழும், அதாவது அழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. குழந்தையின் மூச்சொலி அதைவிடப் பெரிது. ஆகையால் கருவி நூற்றுக்கணக்கான முறை ஒலியை அனுப்பி, வந்த விடைகளை எல்லாம் சராசரி எடுக்கிறது. மூச்சும் இருமலும் ஒழுங்கின்றி வருவதால் சராசரியில் தேய்ந்துபோக, ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில் வரும் செவியின் விடை மட்டும் துலங்கி நிற்கிறது. ஆனால் காதுத்துளையின் சுவரிலும் செவிப்பறையிலும் பட்டுத் திரும்பும் சாதாரண எதிரொலியும் ஒழுங்காகத்தானே வரும்? அதைக் களைவதற்கு, மூன்று சொடுக்கொலிகளை ஒரே அளவில் அனுப்பி, நான்காவதை மும்மடங்கு வலிவோடும் தலைகீழாகவும் அனுப்புகிறார்கள். சாதாரண எதிரொலி மும்மடங்கு ஒலிக்கு மும்மடங்காகவே திரும்புமாதலால், நான்கையும் கூட்டினால் மூன்றும் மும்மடங்கும் எதிரெதிராகிக் கழிந்து பூஜ்யமாகிவிடும். உயிருள்ள உட்செவியோ மெல்லிய ஒலியைப் பெரிதாக்கும் அளவுக்கு வலிய ஒலியைப் பெரிதாக்குவதில்லை. ஆகையால் மும்மடங்குக்கு மும்மடங்கு விடை தராது. கூட்டலில் மிஞ்சி நிற்பது அதன் விடை ஒன்றே.

வேறொரு வகைப் பரிசோதனையும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த இத்தாலிய வயலின் மேதை டார்ட்டினி, இரண்டு ஸ்வரங்களை ஒருங்கே உரக்க வாசிக்கும்போது, தாம் வாசிக்காத மூன்றாவது ஸ்வரம் ஒன்று காதில் விழுவதைக் கண்டு, 1754இல் வெளியிட்ட இசை நூலில் அதைப் பற்றி எழுதினார். அத்தகைய மூன்றாம் ஸ்வரங்கள் செவிக்குள்ளேயே பிறக்கக்கூடும். வெளிவரிசைச் செல்களின் பெருக்கும் வேலையில் இரு ஒலிகளும் கலப்பதனால் அவை விளைகின்றன. 2,000 ஹெர்ட்ஸும் 2,400 ஹெர்ட்ஸும் உள்ள இரண்டு ஒலிகளைக் காதுக்குள் அனுப்பினால், முதலாவதை இரட்டித்து இரண்டாவதைக் கழித்த 1,600 ஹெர்ட்ஸ் ஒலி உட்செவியில் தோன்றி வெளியே வரும். நாம் அனுப்பாத சுருதி அது. ஆகவே அகப்பட்டால் செவி தந்ததாகவே கொள்ளலாம். இப்படி ஒவ்வொரு சுருதியாக மாற்றிக்கொண்டு போனால், காக்ளியாவின் எந்தப் பகுதி நன்றாக உழைக்கிறது, எந்தப் பகுதி சோர்ந்தது என்று பகுதி பகுதியாகக் கண்டுகொள்ளலாம். சில கிருமிக்கொல்லி ஊசிகளும், புற்றுநோய்க்குக் கொடுக்கும் சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகளும், ஆலைகளின் பேரிரைச்சலும் முதலில் தாக்குவது இந்த வெளிவரிசைச் செல்களையே. காதுகேட்பது குறைந்துவிட்டதென்று மனிதர் உணருவதற்கு முன்னரே ஒலியின் தளர்ச்சி அதைக் காட்டிக்கொடுப்பதனால், அத்தகைய மருந்து பெறுவோரை இப்பரிசோதனையால் கண்காணிக்கிறார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு, இது எதைச் சொல்லாது என்பதையும் சொல்ல வேண்டும். இங்கேதான் பெற்றோர்கள் பெரிதும் தடுமாறுகிறார்கள். 'ரெஃபர்' என்று வந்தால் குழந்தை செவிடு என்று பொருளில்லை. பிறந்த முதல் நாளில் காதுத்துளையில் வெண்பிசுக்கும், நடுச்செவியில் திரவமும் தங்கியிருக்கும். உட்செவி செம்மையாக இருந்தும் ஒலி போகவும் வரவும் வழியில்லாமல் போகும். ஒரு நாள் பொறுத்துப் பார்த்தால் பலருக்குச் சரியாகிவிடும். குழந்தை அழுதாலும், அறையில் சந்தடி இருந்தாலும் அப்படியே வரும். மறுபுறத்தில், 'பாஸ்' என்பதும் எல்லாவற்றுக்கும் உத்தரவாதமன்று. செவி தன் வரையில் வேலை செய்கிறது என்பதே அதன் பொருள். செவியிலிருந்து மூளைக்குப் போகும் பாதையைப் பற்றி அது சாட்சி சொல்ல முடியாது. குறைமாதத்தில் பிறந்தோ, கடுமையான மஞ்சள் காமாலைக்கு உட்பட்டோ, பிரசவத்தின்போது மூச்சுத் திணறியோ தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைகள் சிலருக்கு, வெளிவரிசைச் செல்கள் ஒலி எழுப்பிக்கொண்டே இருக்க, நரம்பின் வழியே செய்தி சீராகப் போய்ச் சேராமல் இருப்பதுண்டு. 1996இல் ஆர்னால்டு ஸ்டாரும் அவருடைய துணைவர்களும் இந்நிலையைத் தனி நோயாக அடையாளம் காட்டினார்கள். ஆகவே அத்தகைய குழந்தைகளுக்குத் தலையில் மின்வாய்களை ஒட்டி, ஒலிக்கு மூளைத்தண்டு தரும் மின்விடையை அளக்கும் பெரா டெஸ்டும் அவசியம். இரண்டும் ஒன்றுக்கொன்று துணை. ஒன்று இருப்பதால் மற்றொன்று வேண்டாம் என்று ஆகாது.

கெம்ப் தம் கண்டுபிடிப்பை ஏட்டோடு விட்டுவிடவில்லை. மருத்துவமனையில் யாரும் பயன்படுத்தக்கூடிய கருவியாக அதை உருவாக்குவதற்கென்று ஓட்டோடைனமிக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, 1988இல் முதற்கருவியை வெளிக்கொண்டுவந்தார். அமெரிக்காவில் ரோட் ஐலண்டு மாகாணத்தில் பிறக்கும் குழந்தைகளிடம் அது பரீட்சித்துப் பார்க்கப்பட்டது; 1993இல் அந்நாட்டுத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் குழு, எல்லாக் குழந்தைகளையும் சோதிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. இங்கிலாந்தில் 2006க்குள் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் காது கேளாமைத் தடுப்புக்கான தேசியத் திட்டம் 2007இல் தொடங்கியது. ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் ஒருவரோ இருவரோ, சில இடங்களில் அதற்கு மேலோ, நிரந்தரமான செவித்திறன் குறையோடு பிறக்கின்றனர். நெருங்கிய உறவில் மணம் செய்துகொள்ளும் வழக்கம் உள்ள நம் பகுதிகளில், மறைந்து நிற்கும் மரபுக்குறை பெற்றோர் இருவரிடமும் இருந்து குழந்தையில் வெளிப்பட வாய்ப்பு அதிகம் என்பதையும் மறந்துவிடலாகாது.

முதல் மாதத்துக்குள் சோதனை, மூன்றாம் மாதத்துக்குள் குறை உண்டா இல்லையா என்ற முடிவு, ஆறாம் மாதத்துக்குள் சிகிச்சையும் பயிற்சியும் என்பது நிபுணர்கள் வகுத்த கணக்கு. அது மனம்போனபடி வகுத்ததன்று. ஆறு மாதத்துக்குள் கண்டறியப்பட்ட குழந்தைகள், பிந்திக் கண்டறியப்பட்டவர்களைவிட மொழித் திறனில் தெளிவாக முன்னே நின்றதை, கொலராடோவில் கிறிஸ்டின் யோஷினாகா இட்டானோவும் அவருடைய துணைவர்களும் 1998இல் காட்டினார்கள். உலகெங்கும் இத்திட்டங்களைப் பாழாக்குவது கருவிகளின் குறையன்று. 'ரெஃபர்' என்று எழுதிய சீட்டோடு வீடு சென்ற தாய் திரும்பி வராமல் போவதுதான். தாய்வீடு ஓரூர், புகுந்தவீடு வேறூர். இடையில் பெயர் சூட்டும் விழா. குழந்தையோ கொழுகொழுவென்று சிரிக்கிறது. மறுசோதனைத் தேதி எழுதிய சீட்டு துணிமணிகளின் அடியில் போய்விடுகிறது.

அந்தச் சீட்டு கையில் உள்ளவர்கள் செய்ய வேண்டியது இதுதான்: குறித்த தேதியில் மறுபடியும் ஓ.ஏ.ஈ. பார்க்க வேண்டும், மறுபடியும் ரெஃபர் என்றால் மூன்று மாதத்துக்குள் பெரா டெஸ்ட் எடுத்துவிட வேண்டும். குறை உறுதியானால் சில மாதக் குழந்தைக்கும் காதுக்கருவி பொருத்தலாம். அது போதாத அளவுக்குக் குறை இருந்தால் ஒரு வயதையொட்டிக் காக்ளியர் இம்பிளாண்ட் அறுவைச் சிகிச்சை செய்யலாம். தமிழ்நாட்டில் ஆறு வயதுக்கு உட்பட்ட தகுதியுள்ள குழந்தைகளுக்கு அச்சிகிச்சை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ்க் கிடைக்கிறது. பிறந்தபோது பாஸ் ஆன குழந்தையாயினும், மூளைக்காய்ச்சல் கண்டு பிழைத்திருந்தாலும், குடும்பத்தில் வேறொருவருக்குப் பிந்திச் செவிடு வந்திருந்தாலும், ஒரு வயதில் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாவிட்டாலும், அதே பரிசோதனையை மறுமுறை கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு ஆகும் நேரம் அப்போதும் சில நிமிடங்கள்தான்.